விமோசனம் தேடியவர்

நுழையும்முன்

குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்பர் சிலர். தலைவிதி என்பர் வேறு சிலர். மருத்துவம் அதனை நோய் என்கிறது. அந்நோய் தமிழகத்துச் சிற்றூர்களைச் சீரழிப்பதைக் கண்டு, எழுத்தாலும் சட்டத்தாலும் அதனோடு போராடியவர் மூதறிஞர் இராஜாஜி. அவருடைய நீண்ட வாழ்வில் அப்போராட்டத்தை மட்டும் இப்பாடம் பின்தொடர்கிறது.

வழக்கறிஞரின் சேலம்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், ஒசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். சட்டம் பயின்று, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அந்நகரின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார்.

குற்றவியல் வழக்குகளை நடத்தும் ஒருவர் மதுவைப் பற்றி அறியப் புத்தகம் படிக்க வேண்டியதில்லை. அடிதடிக்கும் கடனுக்கும் பின்னால் ஒரு கள்ளுக்கடை இருப்பதை நீதிமன்றமே காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய கள்ளுக்கடைகளோ அரசு ஏலம் விட்டு நடத்தியவை. குடிப்பவன் செலவிடும் காசில் ஒரு பங்கு கலால் வரியாக அரசின் கருவூலத்தையே சென்றடைந்தது.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது இராஜாஜி தம் தொழிலைத் துறந்தார். கள்ளுக்கடை மறியல் அவ்வியக்கத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக விளங்கிற்று. அவருடைய நண்பர் ஈ.வெ.ராமசாமிப் பெரியார், கள் இறக்கப் பயன்படலாகாது என்று சேலத்திலிருந்த தம் தோப்பின் ஐந்நூறு தென்னைமரங்களை வெட்டிச் சாய்த்ததும் அக்காலத்தில்தான். கொள்கையில் பின்னாளில் வேறுபட்டு நின்ற இருவரும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள் என்பது நினைக்கத்தக்கது.

புதுப்பாளையத்துக் குடில்

1925ஆம் ஆண்டு திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை இராஜாஜி தொடங்கினார். மனைவியை முன்பே இழந்திருந்த அவர், நகரத்து வசதிகளை விட்டுத் தம் மக்களுடன் அங்கே எளிய குடிலில் குடியேறினார். வறட்சியால் வாடிய வானம் பார்த்த பூமி அது. நூல் நூற்பதும் கதர் நெய்வதும் ஆசிரமத்தின் முதற்பணிகள். தீண்டாமைக்கு ஆளான மக்களையும் ஆசிரமவாசிகளாகச் சேர்த்துக்கொண்டதால் ஊராரின் எதிர்ப்பையும் அவர் தாங்க வேண்டியிருந்தது.

அங்கேதான் மதுவை அவர் மிக அருகிலிருந்து கண்டார். இராட்டையில் நூற்றுப் பெண் ஈட்டும் சில அணாக்கள் வீட்டு அடுப்புக்குச் செல்லுமா, கடைக்குச் செல்லுமா என்பதே அச்சிற்றூர்களில் பசியைத் தீர்மானித்தது. குடியால் கெடுபவன் ஒருவன். பட்டினி கிடப்பவர்கள் ஐவர். இராஜாஜியின் மதுவிலக்குக் கொள்கை முழுவதும் குடிப்பவனைவிட அந்த ஐவரை நோக்கியே எழுந்தது என்று சொல்லலாம். அதன் வலிமையும் அதுதான். அதன் குறையும் ஓரளவு அதுவே. அதனைப் பின்னர்க் காண்போம்.

1929இல் ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மாத இதழை வெளியிட்டார். மதுவின் தீமையை விளக்குவதொன்றே அதன் நோக்கம். திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் பணியாற்றிவிட்டு வந்த கல்கி, இதழ்ப்பணியில் அவருக்குத் துணை நின்றார். ஒரே பொருளைப் பற்றி மாதந்தோறும் எழுதினால் படிப்பவர்க்குச் சலிப்புத் தோன்றாதா? இருவரும் அதற்கு வழி கண்டிருந்தனர். கதையும் பாட்டும் படமுமாக இதழ் வந்தது. அறிவுரையைக் கேட்கமாட்டாதவனும் கதையைக் கேட்பான் என்பதை இருவரும் நன்கறிந்திருந்தனர். பத்து இதழ்களே வெளிவந்தன. 1930இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாகிரகப் பயணத்தைத் தலைமையேற்று நடத்தி இராஜாஜி சிறை சென்றார்.

சேலத்தில் ஒரு சோதனை

1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை மாகாணத்தின் பிரதமராக இராஜாஜி பொறுப்பேற்றார். மாகாண அரசின் தலைமையமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன.

இதன் துணிவை உணர ஒரு கணக்கை அறிய வேண்டும். மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்தது. கடையை மூடினால் பள்ளிக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் பலர். 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்து இராஜாஜி அதற்கு விடை கூறினார். இன்று நாம் கடையில் பொருள் வாங்கும்போது செலுத்தும் வரியின் முன்னோடி, மதுக்கடையை மூடுவதற்காகப் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

கடைகளை மூடியதோடு அரசு நிற்கவில்லை. நாள்தோறும் கடைக்குச் சென்று பழகியவனுக்கு மாலை நேரம் திடீரென வெறுமையாகிவிடும். அந்த வெறுமையே அவனை மீண்டும் குடியிடம் இழுத்துச் செல்லும். ஆகவே சிற்றூர்களில் தேநீர்க்கடைகள் ஊக்குவிக்கப்பட்டன. விளையாட்டுகளும் பசனைகளும் நடத்தப்பட்டன. கையில் மிஞ்சும் காசைச் சேமிக்கக் கூட்டுறவுச் சிக்கன சங்கங்கள் அமைக்கப்பட்டன. பிழைப்பை இழந்த மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச ஏற்பாடு செய்யப்பட்டது. ஆயினும் கள்ளிறக்கிப் பிழைத்த அனைவருக்கும் அது ஈடாகவில்லை. அவர்களுடைய துன்பத்தை மறைத்துவிட்டு மதுவிலக்கின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் சட்டம் விரிந்தது. 1939இல் அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் ஆளுநரின் ஆலோசகர்கள் ஆண்ட காலத்தில், 1943இல் மதுவிலக்கு கைவிடப்பட்டது. விடுதலையை ஒட்டி மீண்டும் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுமைக்கும் பரவியது. அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லும், ஆத்தூர், சித்தையன்கோட்டை போன்ற தோப்புகள் சூழ்ந்த ஊர்களும் அதற்குள் அடங்கின. நாட்டின் அரசியலமைப்புச் சட்டமும் தன் 47ஆம் கூறில் மதுவிலக்கை அரசின் நெறிகளுள் ஒன்றாக வைத்தது.

சட்டம் எட்டாத இடம்

மேலே குறையென்று சொன்னதற்கு இப்போது வருவோம். பல்லாண்டு குடித்தவனின் மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. ஒருநாள் அது திடீரென நின்றால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், உறக்கம் வராது. சிலருக்கு வலிப்பு ஏற்படும். இரண்டு மூன்று நாள்களில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாதவை கண்முன் தோன்றும். மருத்துவம் இன்றேல் உயிருக்கே இடராக முடிவதும் உண்டு. இவனை உறுதியில்லாதவன் என்று ஏசிப் பயனில்லை. பூட்டிய கடை குடிக்கத் தொடங்காதவனைக் காக்கும். எப்போதேனும் குடிப்பவனை நிறுத்தும். நோயாளியாகிவிட்டவனுக்கோ அது போதாது. அவன் வேலம்பட்டை போட்டுக் காய்ச்சிய கள்ளச்சாராயத்தைத் தேடினான். மரச்சாமானுக்குப் பூசும் வார்னீசைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு.

இராஜாஜியின் காலத்தில் அவனுக்குச் செல்ல இடம் இருந்ததா? 1871இல் திறக்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை சென்னையில் இருந்தது. அதன் வாயிலை மிதிப்பதே குடும்பத்துக்கு இழுக்கு என்று மக்கள் அஞ்சிய காலம் அது. குடிநோய்க்கெனத் தனி மருத்துவம் சிற்றூர்களுக்கு எட்டவில்லை. அமெரிக்காவில்கூட, 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்கு கைவிடப்பட்ட பின்னரே, 1935இல் குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத்தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்து, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பைத் தொடங்கினர். அக்காலம் அறியாததை இராஜாஜி ஒருவர் மட்டும் அறிந்திருக்கவில்லை என்று குறைகூற இயலாது.

தெரிந்து தெளிவோம்

குடிநோயால் தம் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் கணவர் பெயரால் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். போதை அடிமைகளுக்கு மருத்துவம் அளிக்கும் அந்நிறுவனம், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் சிற்றூர் முகாம்களையும் நடத்தத் தொடங்கியது. நோயாளி தன் ஊரிலேயே பதினைந்து நாள் தங்கி மருந்தும் அறிவுரையும் பெறுவார். அவருடைய குடும்பத்தாருக்கும் தனியே வழிகாட்டப்படும். ஊர்ப்பெரியவர்களும் அதில் துணைநிற்பர்.

முதுமையில் ஒரு வேண்டுகோள்

இந்தியாவின் தலைமை ஆளுநராக 1948 முதல் 1950 வரையும், சென்னை மாநில முதலமைச்சராக 1952 முதல் 1954 வரையும் இராஜாஜி பணியாற்றினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். இராமாயண உரைநடை நூலான ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி விருதை அவருக்கு ஈட்டித் தந்தது. இவையெல்லாம் வேறு பாடங்களில் நீங்கள் விரிவாகப் படிப்பவை.

1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்த அரசு முடிவு செய்தது. நிதி நெருக்கடியும், அண்டை மாநிலங்களில் கடைகள் திறந்திருந்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அப்போது இராஜாஜிக்குத் தொண்ணூற்று இரண்டு வயது. ஆட்சியில் பங்கில்லை, உடலில் வலுவும் இல்லை. எனினும் முதலமைச்சரை நேரில் சந்தித்து, இம்முடிவு வேண்டாமென்று மன்றாடினார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் தாம் மூடிய கதவுகள் மீண்டும் திறப்பதைத் தம் கண்ணாலேயே காண நேர்ந்த அவருடைய உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆகத்து மாத இறுதியில் கடைகள் திறக்கப்பட்டன. 1972 திசம்பர் 25 அன்று அவர் காலமானார். 1974இல் அதே அரசு மீண்டும் மதுவிலக்கைக் கொணர்ந்தது. அதனைக் காண அவர் இல்லை.

அவ்வாண்டிலேயே அவருடைய ‘திக்கற்ற பார்வதி’ திரைப்படமாக வெளிவந்தது. கடன்பட்டு மாட்டுவண்டி வாங்கிய கருப்பன் மெல்ல மெல்லக் குடிக்கு அடிமையாவதும், அவன் மனைவி பார்வதி திக்கற்று நிற்பதும் அக்கதை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அப்படத்தை, இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே எடுத்தார்கள்.