கதவைத் திறந்த மருத்துவர்

மாணவர்களே, ஓசூர்ச் சாலை வழியாகச் செல்லும்போது கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையை நீங்கள் கண்டிருப்பீர்கள். நோயுற்று வருபவர் எம்மொழி பேசுபவர், எக்குலத்தில் பிறந்தவர் என்று பார்த்து மருத்துவம் செய்வது முறையன்று. துன்பம் யாது என்று அறிந்து, அதனைத் தீர்க்க முயல்வதே மருத்துவரின் கடமை. இதனைத் தொழிலறம் என்பர். சென்னையில் இவ்வறத்தைத் தம் வாழ்க்கையாகவே கொண்டு, தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென முதல் மருத்துவமனை தோன்றக் காரணமாயிருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். அக்காலத்தில் சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. அவர்கள் ஆடலும் பாடலும் கற்றனர். ஆனால், பிற பெண்களைப்போல் மணம் செய்துகொண்டு வாழும் உரிமை அவர்களுக்கு இல்லை. செல்வரின் விருப்பத்திற்கு அடங்கி வாழும் நிலையும் பலருக்கு ஏற்பட்டது. அக்குலத்தில் பிறந்தோரை ஊரார் இழிவாகக் கருதினர். தாயார் வழியே அவ்விழிவின் வலியை அம்மையார் இளமையிலேயே உணர்ந்தார்.

அந்நாளில் பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிது. ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டைக் கல்லூரியில் அம்மையாரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. எனினும், மன்னர் இசைவளித்தார். அம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் பணிக்குத் தடை செய்தல் கூடாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே அத்திருமணத்திற்கு இசைந்தார்.

1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அம்மையார் நியமிக்கப்பட்டார். மருத்துவப் பணிக்கு இடையூறு நேருமோ என்று முதலில் அவர் தயங்கினார். எனினும், மருந்தால் தீராத துன்பங்கள் பல உள்ளன. அவற்றைச் சட்டத்தால்தான் தீர்த்தல் இயலும் என்று உணர்ந்து அப்பொறுப்பை ஏற்றார். சட்டமன்றத்தின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927-இல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். நாம் வாழும் பெங்களூரு அப்போது மைசூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. அச்சமஸ்தானம் 1909-ஆம் ஆண்டிலேயே தன் மேற்பார்வையிலிருந்த கோயில்களில் தேவதாசியர் ஊழியத்தை நிறுத்தியிருந்தது. ஆயினும், சென்னையில் எதிர்ப்பு வலுத்தது. பழைய வழக்கம் அழியக்கூடாது என்றனர் சிலர். தேவதாசியர் சிலரும் எதிர்த்தனர். கோயில் ஊழியம் நின்றால் அதற்கென அளிக்கப்பட்ட மானிய நிலம் பறிபோகும், பிழைக்க வழியின்றிப் போகும் என்று அவர்கள் அஞ்சினர்.

இவ்வச்சம் பொருளற்றது அன்று. ஒருவருக்கு நன்மை செய்யப் புகுவோர், அவருடைய வாழ்வுக்கு வழி யாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1929-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் தேவதாசியரைக் கோயில் ஊழியத்தினின்று விடுவித்தது; மானிய நிலம் அவர்களிடமே நிலைக்கவும் வழி செய்தது. அவ்வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

காந்தியடிகள் 1930-இல் சிறைப்படுத்தப்பட்டபோது, அதனைக் கண்டித்து அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டளவில் அவரது வீட்டு வாயிலில் இளம்பெண்கள் சிலர் வந்து நின்றனர். தேவதாசி வாழ்க்கையினின்று தப்பி, கல்வி கற்க விரும்பி வந்தவர்கள் அவர்கள். அம்மையார் அவர்களுக்காக மாணவியர் விடுதியை நாடினார். பிறப்பைக் காரணம் காட்டி, விடுதியினர் இடந்தர மறுத்தனர்.

அம்மையார் என்ன செய்திருக்கலாம்? சட்டத்திற்காகப் போராடியதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணியிருக்கலாம். இரக்கச் சொற்கள் சில கூறி அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் வீட்டிலேயே அப்பெண்களுக்கு இடமளித்தார். ஒதுக்கப்பட்டவர்க்கு வீடும் கல்வியும் அளிக்காமல், விடுதலை என்று கூறுவதில் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அம்முயற்சியே அவ்வை இல்லமாக வளர்ந்தது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் சாதி வேறுபாடின்றி அங்குச் சேர்க்கப்பட்டனர். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது.

அம்மையாரின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவரை வாட்டியது. அத்துயரத்தைத் தம் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பிறர்க்கு இந்நிலை நேராதிருக்க வழி தேடினார். புற்றுநோய் மருத்துவமனைக்கெனப் பல ஆண்டுகள் பொருள் திரட்டினார். 1952-இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1954-இல் 12 படுக்கைகளோடு அம்மருத்துவமனை தொடங்கியது. இன்று அது நாடறிந்த நிறுவனமாக விளங்குகிறது.

1956-இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூசண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் மறைந்தார்.

மருத்துவர், செவிலியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகிய அனைவரும் மக்களுக்குத் தொண்டு செய்வோரே. அத்தொண்டிற்கு அறிவும் பயிற்சியும் தேவை. அவற்றோடு, தம்மை நாடி வந்தவரின் பிறப்பை எண்ணாமல் கதவைத் திறக்கும் மனமும் தேவை. நாளை நீங்கள் எப்பணியை மேற்கொண்டாலும், உங்கள் வாயிலிலும் ஒருநாள் யாரேனும் வந்து நிற்பர். அன்று அம்மையாரின் வாழ்க்கை உங்கள் நினைவுக்கு வருவதாக.

சிந்தித்து விடை எழுதுக

1. சட்டமன்றப் பொறுப்பை ஏற்க அம்மையார் முதலில் தயங்கியது ஏன்?
2. தேவதாசியர் சிலரே தீர்மானத்தை எதிர்த்ததன் காரணம் யாது? அவர்களின் அச்சத்தை நீக்க 1929-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் எவ்வாறு உதவியது?
3. விடுதியினர் இடந்தர மறுத்தபோது அம்மையாரின் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.