பல் டாக்டரின் பதிவு எண்ணைப் பார்த்தீங்களா? அதற்காக உழைத்த ரஃபியுதீன் அகமது யார்?

அருப்புக்கோட்டையோ திருச்சுழியோ, பல் பிடுங்கப் போனால் டாக்டர் பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்கான்னு முதல்ல பாருங்க. அந்த முறை வர உழைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது.

1890-ல் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவாவில் பல் மருத்துவம் படித்தார். 1920-ல் கொல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு? சோடா, ஐஸ்கிரீம் கடை நடத்தி, அந்த வருமானத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தார்!

அப்போது படிக்காதவர் பல் பிடுங்கினாலும் தடுக்கச் சட்டமில்லை. 1939-ல் வங்காளத்திலும், 1948-ல் நாடு முழுக்கவும் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பதிவு கட்டாயமானது. 1964-ல் பத்ம பூஷண் பெற்றவர், அடுத்த ஆண்டே மறைந்தார். அவர் பிறந்த டிசம்பர் 24 தான் தேசிய பல் மருத்துவர் தினம்.

எண் மட்டும் போதாது. கருவிகளை ஆட்டோகிளேவில் சுத்தம் செய்றாங்களா, ஒவ்வொருத்தருக்கும் புது கையுறை மாத்துறாங்களா? தயங்காம கேளுங்க.