மகனிடம் பாடம் கற்ற ஆசான்

மனிதன் இயல்பிலே நல்லவனா, தீயவனா என்னும் வினா மெய்யியலார் மன்றத்தோடு நின்றுவிடுவதன்று. நாம் அதற்கு அளிக்கும் விடையைப் பொறுத்தே ஆசிரியர் கையில் பிரம்பு இருப்பதும் இல்லாமற்போவதும் அமைகின்றன. இவ்வினாவைத் தம் இல்லத்திலேயே சோதித்து, வருந்தித் தெளிந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியாளர் பெஸ்டலோசி.

1746 ஆம் ஆண்டு சூரிச் நகரில் பிறந்த இவர் ஐந்து வயதில் தந்தையை இழந்தார். இளமையில் ரூசோவின் 'எமில்' இவரை ஆட்கொண்டது. 1762 இல் வெளிவந்து, பாரிசிலும் ஜெனீவாவிலும் தீக்கிரையாக்கப்பட்ட நூல் அது. குழந்தை நல்லியல்போடு பிறக்கிறது, சமுதாயமே அதைக் கெடுக்கிறது, ஆதலின் இயற்கையே ஆசானாகட்டும் என்பது அதன் சாரம். (அதை எழுதிய ரூசோவோ தம் மக்கள் ஐவரையும் அநாதை விடுதியில் சேர்ப்பித்தவர்!) 1770 இல் தமக்கு மகன் பிறந்ததும் பெஸ்டலோசி அவனுக்கு ரூசோவின் பெயரையே சூட்டி, அந்நூல் வழியே வளர்க்கலானார். உரிமை அளிப்பதா, கட்டாயப்படுத்துவதா என அவர் தடுமாறியதை 1774 ஆம் ஆண்டு நாட்குறிப்பு காட்டுகிறது. பதினொரு வயதாகியும் மகனுக்கு எழுத்தும் படிப்பும் செவ்வனே வரவில்லை. வலிப்பு நோயும் வாட்ட, அவன் 1801 இல் மறைந்தான். நோய்க்காகக் கல்வி முறையைப் பழிப்பது முறையன்று. எனினும், பிறர் நூலைத் தம் பிள்ளைமேல் அப்படியே பொருத்திய பிழையை நாம் மறைப்பதற்கில்லை.

1797 இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலில் ரூசோவைக் கடந்து செல்வதைக் காண்கிறோம். மனிதன் இயற்கையின் படைப்பு, சமுதாயத்தின் படைப்பு, முடிவில், அறத்தால் தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் படைப்பு. இம்மூன்றாவதைப் பிறர் ஊட்ட இயலாது, துணை நிற்கலாம் என்பதே அவர் கண்ட தெளிவு.

அத்தெளிவுக்கு உரைகல்லாயிற்று ஸ்டான்ஸ். 1798 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை அழித்த அவ்வூரில், மறு ஆண்டு சனவரியில் ஏறத்தாழ எண்பது குழந்தைகளை அவர் ஏற்றார். சொறியும் பேனும் மொய்த்த மேனியர், எவரையும் நம்பாதவர். உதவிக்கு ஒரு பணிப்பெண் மட்டுமே. நூல்களை நாடாது, அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கினார். முதலில் அன்பு, அடுத்து நற்பழக்கம், அதன் பின்னரே அறத்தைப் பற்றிய பேச்சு என்பது அவர் கொண்ட வரிசை. சில வேளை அடித்ததும் உண்டு. அதனைத் தாமே எழுதி வைத்தார். சூன் மாதத்தில் படையினரின் மருத்துவமனைக்கென அக்கட்டடம் பறிபோயிற்று.

பின்னர் பர்க்டார்பிலும் இவர்டனிலும் அவர் நடத்திய பள்ளிகள் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றன. குழந்தைப் பூங்காப் பள்ளியைத் தோற்றுவித்த ஃபிரோபெல் 1808 முதல் 1810 வரை இவர்டனில் தங்கியவரே. உதவியாசிரியர்களின் பூசலால் 1825 இல் அப்பள்ளி மூடப்பட்டது. 1827 இல் மறைந்த பெஸ்டலோசியை, பிர் என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடத்தை ஒட்டியே அடக்கம் செய்தனர்.