மருந்துப் பெட்டியோடு துறவு பூண்டவர்

பத்தமடை என்றதும் நம்மவர்க்குப் பாய்தான் நினைவுக்கு வரும். கோரையைப் பட்டுப்போல் நெய்யும் அந்தத் திருநெல்வேலிச் சிற்றூரில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்த குப்புசுவாமி என்னும் பிள்ளையே, பிற்காலத்தில் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் ஆனார். வடநாட்டில் படிக்க வந்த நாம் அவரைப் பெரிய மகான் என்று வணங்கிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். எனக்கு அவர் விஞ்ஞானம் பயின்ற ஒரு தமிழ் இளைஞராகவே முதலில் தோன்றுகிறார். நம்மைப் போலவே ஊரை விட்டுத் தொலைதூரம் சென்றவர் அல்லவா?

தஞ்சாவூரில் வைத்தியம் பயின்ற நாளில், விடுமுறைக்குக்கூட ஊருக்குப் போகாமல் மருத்துவமனையிலேயே காலம் கழித்தாராம். (நம் விடுதியில் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே ரயில் சீட்டு எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!) 1909-இல் ‘அம்புரோசியா’ என்னும் மருத்துவப் பத்திரிகையைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார். ஒரு மாணவர் இதழுக்குக் கட்டுரை சேர்ப்பதே எத்தனை பாடு என்பதை அறிந்தவன் என்ற முறையில், இதை நான் பெரிய செயலாகவே மதிக்கிறேன்.

1913-இல் மலேயாவுக்குக் கப்பலேறினார். சீரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையிலும், பின்னர் ஜோகூரிலும் பணி. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. ஏழை நோயாளி குணமாகி வீடு திரும்பும்போது, நல்ல உணவு உண்ணுவதற்கென்று தம் பையிலிருந்தே பணம் கொடுத்தனுப்புவார். சம்பளமும் புகழும் குறைவின்றி வந்தன. ஆனால், உடலின் நோயைத் தீர்த்தபின்னும் மனிதனின் துன்பம் தீரவில்லையே என்ற கேள்வி அவரை விடவில்லை.

1923-இல் எல்லாவற்றையும் விட்டுத் தாயகம் திரும்பினார். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் உடைமைகளை வைத்துவிட்டு வடக்கே நடந்தார். இந்த இடத்தில் என் மனம் சற்று இடறுகிறது. எனக்கு வயது இருபத்துமூன்று. முதுகலைப் படிப்பு முடியும் தறுவாயில், மேலும் ஆராய்ச்சியா, உடனே வேலையா என்று வாரந்தோறும் தொலைபேசியில் வீட்டார் கேட்கிறார்கள். வீட்டை ஒரே நாளில் உதறுவதை என்னால் போற்ற இயலவில்லை. ஆயினும் அதன்பின் அவர் செய்ததைப் பார்க்கும்போது, அவர் தம் படிப்பை உதறவில்லை என்பது தெளிவாகிறது.

1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். குடிசையில் இருந்துகொண்டே நோயுற்ற சாதுக்களுக்குப் பணிவிடை செய்தார். முதிர்ந்து வந்த காப்புறுதிப் பணத்தையும் நோயாளிகளுக்கே ஒதுக்கி, 1927-இல் லட்சுமண ஜூலா அருகே ஓர் இலவச மருந்தகம் நடத்தத் தொடங்கினார். பத்ரிநாத் யாத்திரை செல்லும் வழியில் மருந்து வாங்கிப் போன ஒருவருக்கு, அதைவிட நல்ல மருந்து உண்டே என்று இரவில் நினைவு வர, விடியுமுன் எழுந்து சில மைல் ஓடிச் சென்று கொடுத்துவிட்டு வந்தாராம். சோதனையில் பிழை கண்டும், மறுபடி யார் செய்வது என்று ஏட்டை மூடிவிடும் நமக்கு இந்த ஓட்டம் உறைக்கத்தான் வேண்டும்.

1936-இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். எளிய ஆங்கிலத்தில் நூறு நூறாக நூல்கள் எழுதினார். 1950 ஜனவரியில் மாலை வழிபாட்டின்போது ஒருவன் கோடரியால் தாக்க, மயிரிழையில் உயிர் தப்பினார். அவனைத் தண்டிக்க விடாமல், நூல்கள் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார்.

1950-களின் இறுதியில், டேராடூனில் விமானப் படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக நின்று வாய்ப்பிழந்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் மனம் சோர்ந்து அவரிடம் வந்தார். தோல்வியை மறந்து, தமக்கென அமைந்த பணியைத் தேடிக்கொள்ளுமாறு சொல்லி அவரை அனுப்பினார் சுவாமி. அந்த இளைஞர்தாம் அப்துல் கலாம்.

1963 ஜூலை 14-இல் சுவாமி மறைந்தார். ஆசிரமத்தில் தரும மருத்துவமனை இன்றும் நடக்கிறது. விடுமுறையில் ரிஷிகேசம் செல்லும் நண்பர்கள், கங்கையைப் படம் பிடித்து முடித்தபின், அந்தப் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்து வரலாம்.