நினைவில் கடத்தப்பட்ட நூற்பாலை

இங்கிலாந்தின் பெல்பர் நகரில் 1768-இல் பிறந்த சாமுவேல் ஸ்லேட்டர், பருத்தி நூற்பாலையில் தொழில் பயின்றவர். நூற்பு இயந்திரங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதையும், தேர்ந்த தொழிலாளர்கள் குடிபெயர்வதையும் அன்றைய பிரிட்டிஷ் சட்டம் தடை செய்திருந்தது. 1789-இல், ஆர்க்ரைட் இயந்திரத்தின் அமைப்பை நினைவில் மட்டுமே சுமந்து, 21 வயதில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில், மோசஸ் பிரவுனின் முதலீட்டில் அந்த இயந்திரங்கள் சுழன்றன.

தாயகம் அவரைத் துரோகி என்றது. அமெரிக்கா தொழில்துறையின் தந்தை என்று போற்றியது. 1835-இல் பல ஆலைகளின் அதிபராக மறைந்தார். 1836-ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம், சொந்தக் குடிமக்களுக்கு 30 டாலரும் பிரிட்டிஷாருக்கு 500 டாலரும் கட்டணம் விதித்தது. நகலெடுத்து வளர்ந்த நாடு இன்று ஏழை நாடுகளுக்கு அறிவுசார் சொத்துரிமையைப் போதிக்கையில், ஸ்லேட்டரின் வாழ்க்கையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.