கரும்பறிஞர் வேங்கடராமன்

ஆற்றங்கரையில் வளரும் காட்டு நாணலை எவரும் மதியார். அதனையே கரும்பின் காவலாகக் கண்டவருள் ஒருவர் வேங்கடராமன். 1884-இல் பிறந்த இவர், 1912-இல் கோயம்புத்தூரில் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் என்னும் ஆங்கில அறிஞருக்குத் துணைவராய்ப் பணியாற்றினார். இனிப்பு மிக்க கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும். நாணலோ சுவையற்றதாயினும் நோயைத் தாங்கும் மரபுப் பண்புடையது. ‘வெள்ளை’ என்னும் கரும்பை நாணலோடு கலந்து உண்டாக்கிய ‘கோ 205’ 1918-இல் உழவரை அடைந்தது.

அந்நிலையம் அளித்த மற்றொரு வகையாகிய ‘கோ 213’ வடநாட்டில் பெரிதும் பரவிற்று. ஆயினும் 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோய் புதிய வடிவில் தோன்றி அதனை வீழ்த்தியது. பயிரைப் போலவே நோய்க்கிருமியும் தன் மரபில் மாறக்கூடியது. ஆதலின் புதிய வகைகளைத் தேடும் பணிக்கு ஓய்வில்லை. வேங்கடராமன் 1963-இல் மறைந்தார். அவர் வளர்த்த பணி அந்நிலையத்தில் இன்றும் நடைபெறுகின்றது.