யார் இந்த டாக்டர் ஹொசோகாவா? மினமாட்டா விஷத்தை முதலில் ரிப்போர்ட் செய்தவர், பிறகு ஏன் மௌனமானார்?

1970-ம் ஆண்டு ஜூலை 4. டோக்கியோவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. நுரையீரல் புற்றுநோயோடு படுத்திருந்த ஒரு முதியவரிடம் சாட்சியம் வாங்க, கோர்ட்டே அவர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் பேசியது ஒரு பூனையைப் பற்றி. 11 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன, 400-ம் நம்பர் பூனை.

அந்த முதியவர் டாக்டர் ஹஜிமே ஹொசோகாவா. மினமாட்டா நோய் என்று உலகமே இன்று அறிந்திருக்கும் பாதரச விஷத்தை அரசுக்கு முதலில் ரிப்போர்ட் செய்தவர் அவர்தான். அதே விஷத்துக்கான நேரடி ஆதாரம் கையில் கிடைத்தபோது வெளியே சொல்லாமல் இருந்தவரும் அவர்தான்.

கம்பெனி ஊர், கம்பெனி டாக்டர்

ஜப்பானின் கியூஷு தீவில், கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் வச்சதுதான் சட்டம். வேலை, கடை வியாபாரம், நகராட்சி வரி வருமானம் எல்லாமே அந்த ஆலையை நம்பித்தான். 1901-ல் பிறந்து, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஹொசோகாவா, அந்த ஆலை நடத்திய மருத்துவமனையின் தலைமை டாக்டர். சம்பளம் கொடுப்பது ஆலை, சிகிச்சைக்கு வருவது ஊர் மக்கள்.

1956 ஏப்ரலில் 5 வயது சிறுமி ஒருத்தியை அங்கே கொண்டுவந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, வலிப்பு வந்தது. சில நாளில் அவள் தங்கைக்கும் அதே பிரச்னை. விசாரித்தால் பக்கத்து வீடுகளிலும் இதே கதை. மே 1-ம் தேதி, மூளை நரம்பைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் பரவுவதாக மருத்துவமனை சார்பில் உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போனது. மினமாட்டா நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் சொல்லப்படுவது இந்தத் தேதிதான்.

ஹொசோகாவா அதோடு நிற்கவில்லை. ஊர் டாக்டர்களோடு சேர்ந்து பழைய கேஸ்களைத் தோண்டினார். அந்த அக்டோபருக்குள் 40 நோயாளிகள் தெரியவந்தார்கள். அதில் 14 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். அவர்கள் வீட்டுப் பூனைகளும் தள்ளாடி, துள்ளி, வெறி பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்தன. பூனைக்கும் மனுஷனுக்கும் பொதுவான சாப்பாடு என்ன? மீன்.

400-ம் நம்பர் பூனை

சிஸ்ஸோ ஆலை 1932 முதலே அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்து வந்தது. அதற்குப் பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த வேதிவினையில் மெத்தில் பாதரசம் என்ற கொடிய விஷம் உருவாகி, கழிவுநீரோடு கடலுக்குப் போய், மீன் உடம்பில் சேர்ந்தது. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு, காரணம் கரிமப் பாதரசம் என்று அறிவித்தது. ஆனா அவர்கள் கேட்ட ஆலைக் கழிவுநீரை சிஸ்ஸோ தரவே இல்லை.

ஆலைக்குள் இருந்த ஹொசோகாவாவுக்கு அந்தக் கழிவுநீர் கிடைத்தது. 1959 ஜூலை 21 முதல் ஒரு பூனைக்கு தினமும் சாப்பாட்டில் அதைக் கலந்து கொடுத்தார். அக்டோபரில் அந்தப் பூனை தள்ளாட ஆரம்பித்தது. அதே வலிப்பு, அதே சுழற்சி.

விஷயம் ஆலையின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனது. ஒரே ஒரு பூனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். சரி, அப்போ இன்னும் சில பூனைகளை வைத்துப் பார்க்கலாமா? அதற்கும் அனுமதி இல்லை. முடிவு ரகசியமானது. இங்கே ஹொசோகாவா மட்டும் இல்லை, கெமிஸ்ட்ரி தெரிந்த இன்ஜினியர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்து நடந்ததைப் பார்த்தால் அந்த மௌனத்தின் விலை புரியும். அதே வருஷம் டிசம்பரில் ஆலை ஒரு சுத்திகரிப்புக் கருவியைத் திறந்தது. விழாவில் நிறுவனத் தலைவர், சுத்திகரித்த தண்ணீர் என்று ஒரு டம்ளர் குடித்தும் காட்டினார். பாதரசத்தை நீக்க அந்தக் கருவி வடிவமைக்கப்படவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. டிசம்பர் 30-ம் தேதி பாதிக்கப்பட்டவர்களோடு ஒரு ஒப்பந்தம். உயிரிழப்புக்கு 3 லட்சம் யென், அதுவும் இழப்பீடு என்ற பெயரில் இல்லை, ஆறுதல் பணம். பின்னாளில் ஆலைதான் காரணம் என்று நிரூபணமானாலும் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று ஒரு ஷரத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்ட குடும்பங்களுக்கு 400-ம் நம்பர் பூனை பற்றி எதுவும் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும்.

தேடி வந்த இன்ஜினியர்

1962-ல் ஹொசோகாவா ஓய்வு பெற்று எஹிமே மாகாணத்தில் இருந்த சொந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே அவரைத் தேடி வந்தவர் ஜுன் உய் என்ற இளம் கெமிக்கல் இன்ஜினியர். உய் முன்பு ஒரு பிளாஸ்டிக் ஆலையில் வேலை பார்த்தபோது பாதரசக் கழிவைத் தானே வெளியேற்றியவர். மினமாட்டா செய்தி வந்ததும் அது அவரை உறுத்த, வேலையை விட்டு ஆய்வில் இறங்கிவிட்டார். பூனைப் பரிசோதனைக் குறிப்பை அவர் ஏற்கனவே பார்த்திருந்தார். உண்மையா என்று கேட்டபோது ஹொசோகாவா மறுக்கவில்லை.

1965-ல் நீகாட்டா பகுதியில், வேறொரு நிறுவனத்தின் ஆலையால் அதே நோய் இரண்டாவது முறையாக வெடித்தது. ஹொசோகாவா உய்யோடு சேர்ந்து நேரில் போய்ப் பார்த்தார். சிஸ்ஸோவோ 1968 மே வரை அசிட்டால்டிஹைடு உற்பத்தியை நிறுத்தவில்லை. அரசு காரணத்தை ஒத்துக்கொண்டதே அதே ஆண்டு செப்டம்பரில்தான்.

1969-ல் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்குப் போட்டன. இப்படி ஆகும் என்று முன்கூட்டியே தெரிய வாய்ப்பே இல்லை என்பது சிஸ்ஸோவின் வாதம். அதை உடைத்தது ஹொசோகாவா படுக்கையில் இருந்தபடி சொன்ன சாட்சியம். பரிசோதனை நடந்தது, நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்தியது, நிறுத்தச் சொன்னது எல்லாம் பதிவானது.

10 வருஷம் முன்னாடியே இதைச் சொல்லியிருந்தால்? அவரைக் குற்றவாளி என்பதும் நியாயமில்லை, தியாகி ஆக்குவதும் சரியில்லை. ஒரே பூனை போதாது என்பது அறிவியல்படி தப்பான வாதமும் இல்லை. ஆனா அந்தச் சந்தேகம் தீரும் வரை நிறுத்தப்பட்டது பரிசோதனைதான், கழிவுநீர் இல்லை.

1970 அக்டோபர் 13-ல் ஹொசோகாவா இறந்தார். அதே மாதம்தான் ஜுன் உய், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தொழிற்சாலை மாசு பற்றிப் பொதுமக்களுக்கான திறந்த வகுப்புகளைத் தொடங்கினார். தீர்ப்பு வந்தது 1973 மார்ச் 20-ல். ஆறுதல் பண ஒப்பந்தம் செல்லாது என்ற கோர்ட், ஒருவருக்கு அதிகபட்சம் 1.8 கோடி யென் வரை இழப்பீடு தர சிஸ்ஸோவுக்கு உத்தரவிட்டது.